வெள்ளிமலைப் பையனும் பாஸல் நகரமும்

சென்ற மாதம் கல்வராயன் மலைக்குச் சென்றிருந்தோம். வன உரிமைச் சட்டத்தின்படி மலைவாசிகள் கொடுத்திருக்கும் மனுக்கள் சிலவற்றைப் பார்வையிட்டு வருவதே பிரயாணத்தின் நோக்கம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறி வெள்ளிமலை சேர்ந்தோம். காரியம் முடிந்து மாலையில் திரும்பும் தறுவாயில், சாலையோரத் திடல் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பம் கிடையாது. இரண்டு பக்கமும் கற்களைக் குவித்து எல்லை கட்டியிருந்தார்கள். பந்து சரிவில் உருண்டு விட்டால் ஒருவன் ஓடிப்போய் எடுத்து வரும்வரை மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாகவே ஆடினார்கள்.

அவர்களில் பதினாலு வயது மதிக்கத்தக்க ஒருவன் நம்மிடம் வந்தான். சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக ஓடும் சட்டை. முதுகில் மெஸ்ஸியின் பெயர், 10 என்ற இலக்கம். "சார், நீங்கள் வக்கீல் என்று சொன்னார்கள். டெலிவிஷனில் காட்டுகிறார்களே, அந்த லீக் ஆட்டத்தில் சேர வேண்டுமென்றால் யாருக்கு மனு எழுத வேண்டும்?" என்று கேட்டான்.

நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷத்தில் அது அடங்கிவிட்டது. இருபது வருஷமாக மனு எழுதுவதே நமது தொழில். பட்டா வேண்டுமென்றால் தாசில்தாருக்கு, ஜாமீன் வேண்டுமென்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு, சர்க்கார் கேளாமல் போனால் ஹைக்கோர்ட்டுக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். இந்தப் பையன் கேட்ட கேள்விக்கு மட்டும் நம்மிடம் பதில் இல்லை. உடன் நின்ற பள்ளிக்கூட உபாத்தியாயரைப் பார்த்தோம். அவரும் நம்மைப் பார்த்தார். "விசாரித்துச் சொல்லுகிறேன், தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினோம். வக்கீல்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்தான் அது. ஆனால் இம்முறை மெய்யாகவே விசாரித்தோம். அந்த விசாரணையின் முடிவை இன்று வாசகர்கள் முன் வைக்கிறோம்.

பையன் அணிந்திருந்தது ஸ்பெயின் தேசத்து பார்ஸலோனா கிளப்பின் சட்டை. அந்தக் கிளப்பை 1899-ல் ஸ்தாபித்தவர் ஒரு ஸ்பானியர் அல்லர். ஹான்ஸ் காம்பர் என்ற ஸ்விட்ஜர்லாந்துக்காரர். பார்ஸலோனாவில் குடியேறுமுன் அவர் பாஸல் நகரத்துக் கிளப்பில் ஆடியவர். பாஸலின் நிறமும் சிவப்பும் நீலமுமே. தமது பழைய கிளப்பின் நிறத்தையே புதிய கிளப்புக்கும் கொடுத்தார் என்று பலர் சொல்லுவார்கள். இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு. இந்த வழக்கை விசாரிக்க நமக்கு அவகாசமில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. வெள்ளிமலைப் பையனுக்குப் பெயர்கூடத் தெரியாத அந்தப் பாஸல் கிளப், சில வருஷங்களுக்கு முன் நமது தமிழ் நாட்டுக்கே வந்து ஒரு கிளப்பில் பங்கு வாங்கியது. அந்தக் கதைதான் பையனுடைய கேள்விக்கு விடை தேடும்போது நமக்கு முதலில் அகப்பட்டது.

2019-ம் வருஷ ஆரம்பத்தில், சென்னை ஸிட்டி என்ற கால்பந்துக் கிளப்பில் நூற்றுக்கு 26 பங்கைப் பாஸல் கிளப் வாங்கியது. ஏன் 26? கால்பந்து தெரிந்தவர்களைவிடக் கம்பெனிச் சட்டம் தெரிந்தவர்களுக்கே இது எளிதில் விளங்கும். 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, விசேஷத் தீர்மானம் நிறைவேற, எதிர்த்து விழும் வோட்டுக்களைப்போல் மும்மடங்குக்குக் குறையாமல் ஆதரவு வோட்டுக்கள் வேண்டும். நூற்றுக்கு 25-க்கு மேல் கையில் வைத்திருப்பவன் தனியொருவனாக நின்று அத்தகைய தீர்மானத்தைத் தடுத்துவிடலாம். ஆகவே 26 என்பது வீட்டை விலைக்கு வாங்காமல் வாசற்கதவின் சாவியில் ஒன்றை வாங்கிக்கொள்வது போன்றது. பாஸலின் ரசிகர்களில் பலருக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. நம்முடைய பணத்தை எங்கோ கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்று அவர்கள் முணுமுணுத்தார்கள்.

நம்மவர்களோ மகிழ்ந்தார்கள். மகிழ்வதற்குக் காரணமும் இருந்தது. பாஸல் சாமானியமான கிளப் அன்று. 1893-ல் தோன்றியது. 2010 முதல் 2017 வரையில் எட்டு வருஷம் தொடர்ந்து ஸ்விட்ஜர்லாந்தின் சாம்பியன். நகரத்தின் ஜனத்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அங்கே பயின்று வந்த பையன்களில் ஜாக்கா, ஷாகிரி, ராகிடிச் போன்றவர்கள் உலகமெங்கும் பெயர் பெற்றார்கள். அப்படிப்பட்ட கிளப் தமிழ் நாட்டுக்கு வந்து பையன்களைப் பயிற்றுவிக்கப் போகிறதென்றால் யார்தான் மகிழமாட்டார்கள்?

சென்னை ஸிட்டி அந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டமும் அப்படிப்பட்டது. பெயரில்தான் சென்னை, கிளப் குடியிருந்தது கோயமுத்தூரில், நேரு ஸ்டேடியத்தில். 1946-லேயே தோன்றியதாகத் தன் வரலாற்றைக் கூறிக்கொண்டாலும், தேசிய லீக்கான ஐ-லீக்கில் அது புகுந்தது 2016-17 பருவத்தில்தான். முதல் இரண்டு பருவங்களில் அதைப் பொருட்படுத்தினவர் எவருமில்லை. மூன்றாவது பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். உருகுவே தேசத்துப் பெட்ரோ மான்ஸி வந்தார். ஸ்பெயினிலிருந்து ஸாண்ட்ரோ, கோர்டில்லோ, எஸ்லாவா முதலியவர்கள் வந்தார்கள். இவர்களோடு எட்வின் ஸிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் போன்ற நமது பிள்ளைகளும் ஆடினார்கள். 2018 அக்டோபரில் கோயமுத்தூரில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸ் என்ற இளைஞர் கட்சியை 4-1 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். அதில் மூன்று கோல் மான்ஸியுடையவை. பருவம் முடிவதற்குள் அவர் போட்ட கோல்கள் 21.

2019 மார்ச் 9-ந் தேதி கடைசி நாள். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு பாயிண்டில் பின்தங்கி, கோழிக்கோட்டில் கோகுலம் கிளப்போடு ஆடிக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் சென்னை ஸிட்டி முந்தைய வருஷத்துச் சாம்பியனான மினர்வா பஞ்சாபோடு மோதியது. ஆட்டம் ஆரம்பித்துச் சில நிமிஷங்களுக்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டம் முடியும் வரையில் அந்தக் கோல் திருப்பப்படவில்லை. பிறகு பெனால்டியில் மான்ஸி சமன் செய்தார். அதன்பின், தடுப்பு வரிசையில் நிற்க வேண்டிய அஸ்ஸாம் வாலிபர் கௌரவ் போரா முன்னே வந்து இரண்டு கோல் போட்டார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது, ஆனால் பயனில்லை. சென்னை ஸிட்டி 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ் நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் சாம்பியன் ஆனது அதுவே முதல் தடவை.

அடுத்த மாதம் புவனேசுவரத்தில் நடந்த ஸூப்பர் கோப்பைப் போட்டியில் இன்னும் ஒரு வேடிக்கை நடந்தது. நமது தேசத்தில் அப்போது இரண்டு லீக்குகள் இருந்தன. ஒன்று ஐ-லீக், மற்றது பெரிய மூலதனக்காரர்கள் 2014-ல் ஆரம்பித்த இந்தியன் ஸூப்பர் லீக். இரண்டாவதின் அந்த வருஷத்துச் சாம்பியன் பெங்களூர். அந்தப் பெங்களூரைச் சென்னை ஸிட்டி 2-1 என்ற கணக்கில் வென்றது. வென்று என்ன பயன்? ஸூப்பர் லீக்குக்குள் நுழைய அதற்கு வாசல் கிடையாது. அப்போது அது ஆட்டத்தில் வென்று நுழையும் இடமாக இல்லை. பணம் கட்டி நுழையும் இடமாக இருந்தது. அதற்குள் இருந்தவர்கள் எத்தனை தோற்றாலும் அப்போது வெளியே போகவேண்டியிருக்கவுமில்லை. அதே வருஷக் கடைசியில், இனி ஸூப்பர் லீக்கே தேசத்தின் தலைமை லீக் என்று ஆசியக் கால்பந்து ஸ்தாபனத்தின் சம்மதத்தோடு முடிவாயிற்று. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏற வழி திறந்தது 2023-ல். நமது கிளப்புக்கு அது நான்கு வருஷம் தாமதமாக வந்த தீர்ப்பு.

இனி ஸ்விட்ஜர்லாந்தைப் பார்ப்போம். அதே 2018-19 பருவம். பாஸலுக்கு அது நல்ல பருவம் அன்று. செப்டம்பரில் பெர்ன் நகரத்து யங் பாய்ஸ் கிளப்பிடம் 7-1 என்று தோற்றது. பருவ முடிவில் யங் பாய்ஸ் 91 பாயிண்டோடு சாம்பியன். பாஸல் இருபது பாயிண்டு பின்னால் இரண்டாவது. கோப்பைப் போட்டியில் தூன் நகரத்துக் கிளப்பை வென்று ஒருவாறு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் அந்தப் பருவத்தின் பெரிய செய்தி பட்டியலின் தலையில் இல்லை, அடியில் இருந்தது. ஜூரிச் நகரத்து கிராஸ்ஹாப்பர் கிளப் கடைசி இடத்தில் நின்றது. 27 முறை சாம்பியனான கிளப் அது. அந்தத் தேசத்தில் அத்தனை முறை வென்றவர் வேறு எவருமில்லை. சுமார் எழுபது வருஷமாக அது மேல் பிரிவை விட்டு இறங்கியதில்லை. மே மாதத்தில் லூஸெர்ன் நகரில் நடந்த ஆட்டத்தின் நடுவில், கிராஸ்ஹாப்பர் ரசிகர்களே ஆட்டக்காரர்களைப் பார்த்து, "இந்தச் சட்டையைப் போட உங்களுக்கு யோக்கியதை இல்லை, கழற்றுங்கள்" என்ற பாவனையில் ஆர்ப்பாட்டம் செய்ய, ஆட்டமே பாதியில் நின்றது.

27 முறை சாம்பியன் என்பதற்காக ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. கணக்குப் பார்த்தார்கள், கீழே இறக்கினார்கள். இரண்டு வருஷம் இரண்டாம் பிரிவில் ஆடி, 2021-ல் அதில் முதலாவதாக வந்து, கிராஸ்ஹாப்பர் தானாகவே ஏறி வந்துவிட்டது.

அந்த இரண்டு வருஷத்தில் நமது சாம்பியன் எங்கே போனது? 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்கள் போட்டியின் ஆரம்பச் சுற்றில் பஹ்ரைன் தேசத்து ரிஃபா கிளப்போடு ஆடி 0-1 என்று தோற்றது. ஆட்டம் சென்னை ஸிட்டியின் சொந்த மைதானத்து ஆட்டம் என்று கணக்கு. நடந்த இடம் ஆமதாபாத். பெயர் சென்னையில், வீடு கோயமுத்தூரில், விருந்தாளி வந்தால் ஆமதாபாத்தில் இலை போடுவது! மான்ஸி ஜப்பானுக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கொரோனாத் தொற்று வந்தது. 2020-21 பருவத்து ஆட்டங்கள் எல்லாக் கிளப்புகளுக்கும் வங்காளத்திலேயே நடந்தன. அதற்கடுத்த 2021-22 பருவத்தின் பட்டியலில் சென்னை ஸிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம் நிறையவில்லை. கிளப்பே களத்தில் இல்லாதபோது அதில் நூற்றுக்கு 26 பங்கு யாரிடமிருந்தால் என்ன?

முதலாளிமார் மீது வழக்குத் தொடுப்பது நமது எண்ணமன்று. கிளப் நடத்துவது செலவான காரியம். பணம் போட்டவர்களின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். நாம் கவனித்தது ஒன்று. கிராஸ்ஹாப்பர் விழுந்தபோது, விழுவதற்குக் கீழே ஒரு படி இருந்தது. அந்தப் படியின் கீழே இன்னொரு படி இருந்தது. நமது கிளப் வென்றபோது மேலே படி இல்லை. தளர்ந்தபோது கீழேயும் அதைத் தாங்கும் படி இல்லை. அந்தரத்தில் கட்டிய மேடையின்மீது ஒரு பருவம் அழகாக ஆடிவிட்டு மறைந்துபோயிற்று.

ஸ்விட்ஜர்லாந்தின் படிகளை எண்ணிப் பார்த்தோம். மேலே ஸூப்பர் லீக். 2023 முதல் அதில் 12 கிளப்புகள். அடுத்தது சாலஞ்ச் லீக். அதன் கீழே பிரமோஷன் லீக், முதல் லீகா. அதற்கும் கீழே பிராந்தியங்களுக்கு இடையே நடக்கும் இரண்டாம் லீகா, பிராந்தியத்துக்குள் நடக்கும் இரண்டாம் லீகா, பிறகு மூன்றாம், நான்காம், ஐந்தாம் லீகாக்கள். மொத்தம் ஒன்பது படி. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளப்புகள். கடைசிப் படியில் ஆடுகிறவர்கள் தச்சர்கள், பால்காரர்கள், பாங்கி குமாஸ்தாக்கள். அவர்களுக்குச் சம்பளமில்லை. ஆனால் அவர்களுடைய ஆட்டமும் பட்டியலில் உண்டு, மத்தியஸ்தர் உண்டு, பாயிண்ட் உண்டு, முதலில் வந்தால் மேலே ஏற்றம் உண்டு.

பாஸலுக்குப் பக்கத்தில் ஆக்ஸ்ட் என்று ஒரு கிராமம். சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். அதற்கும் ஒரு கிளப் உண்டு. கொஸோவோ நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவன் முதலில் பந்து உதைத்தது அந்தக் கிளப்பில். அவன்தான் ஷாகிரி. ஆக்ஸ்டில் கிளப் இல்லாதிருந்தால், பாஸல் எத்தனை கோடி வைத்திருந்தாலும் அவனைக் கண்டிருக்கப் போவதில்லை. தேசமெல்லாம் சுற்றி வந்த பிறகு தமது பழைய கிளப்புக்கே திரும்பிய ஷாகிரியோடு, 2025-ல் பாஸல் மறுபடியும் சாம்பியன் ஆயிற்று. அதே வருஷம் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாஸலை எதிர்த்து நின்றது யார் தெரியுமா? பீல் நகரத்துக் கிளப். மூன்றாம் படியில் ஆடும் கிளப்! 4-1 என்று தோற்றது. ஆயினும் தேசத்தின் இறுதி ஆட்டத்துக்கு அது வந்தது. பீல் நகரத்தில் சுமார் ஐம்பத்தைந்தாயிரம் பேர். 2005-ல் ஐரோப்பியச் சாம்பியன்கள் லீக்கிலேயே ஆடிய தூன் நகரம் இன்னும் சிறியது. நமது கள்ளக்குறிச்சி நகரம் 2011 ஜனக்கணக்கின்படியே ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. ஜில்லா முழுவதும் சேர்ந்தால் பதின்மூன்று லட்சத்துக்கு மேல்.

"ஸ்விட்ஜர்லாந்து பணக்கார தேசம், அதோடு நம்மை ஒப்பிடலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். மேல்படிக்குப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். ஐந்தாம் லீகாவுக்கு என்ன பணம் வேண்டும்? சமதரை ஒன்று, பந்து இரண்டு, ஊதுகுழல் ஒன்று, பெயர் எழுத ஒரு நோட்டுப் புஸ்தகம், எந்த ஞாயிற்றுக்கிழமை யாரோடு யார் ஆடுவது என்று முன்கூட்டியே அச்சிட்ட ஒரு காகிதம். தவிர, இது மேல்நாட்டார் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டிய வித்தையும் அன்று. பாஸல் கிளப் பிறந்த அதே 1893-ல்தான் கல்கத்தாவில் இந்தியக் கால்பந்து ஸ்தாபனம் ஏற்பட்டது. 1898 முதல் கல்கத்தா லீக் நடந்து வருகிறது. அதில் பிரிவுகள் உண்டு, ஏற்றம் இறக்கம் உண்டு. 1911 ஜூலை 29-ந் தேதி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று கேடயம் பெற்றதைத் தேசாபிமானிகள் மறக்கமாட்டார்கள். அந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள், அந்தப் பதினொருவர் ஒரே நாளில் ஆகாயத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர் என்பதைச் சற்று நினைக்க வேண்டும். பல வருஷம், வாரந்தோறும், சின்னச் சின்னக் கோப்பைகளுக்காக ஆடிப் பழகிய கால்கள் அவை. சென்னை ஸிட்டிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த வெளிநாட்டார் எப்படிப்பட்டவர்கள்? அவர்களும் ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடித் தேறியவர்களே. ஸ்பெயின் கட்டி வைத்த படியில் ஏறியவர்களை நாம் கூலி கொடுத்து அழைத்து வந்து, நம் வீட்டு மாடியில் நிறுத்தி, மாடி கட்டிவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

இனிக் கல்வராயன் மலைக்குத் திரும்புவோம். சென்னை ஸிட்டி பட்டம் வென்ற அதே 2019-ம் வருஷம் நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. மலையின் மேலுள்ளவர்களுக்குக் கலெக்டர் சற்றுச் சமீபத்தில் வந்தார். அவ்வளவு சமீபம்கூட அவர்களுக்குப் புதிதுதான். ஊருக்கெல்லாம் 1947-ல் விடுதலை வந்தது. கல்வராயன் மலையின் ஜாகீர்தார்கள் ஆதிக்கம் முடிவுற்றதோ 1976-ல். அதுவரையில் மலையாளிகள் என்ற அந்தப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்கு வெட்டிவேலை செய்துவந்தார்கள். இன்றைக்கும் வாலிபர்களில் பலர் கூலிக்கு வெளியூர் போகிறார்கள். சிலர் ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டப்போய் ஜெயிலில் இருக்கிறார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் பெயர் உலகமெல்லாம் பரவியது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உடனே எல்லாரும் மலையை நோக்கி விரல் நீட்டினார்கள். கள்ளச் சாராயம் காய்ச்சுவது அங்கேதான் என்றார்கள். அந்த ஜனங்களைக் கொன்றது மெத்தனால் என்ற ரஸாயனச் சரக்கு; அது மலையில் விளைவதன்று. இதையெல்லாம் பகுத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டு, மனு எதுவும் இல்லாமலே, கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைத் தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று சர்க்காரை ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்த நீதிபதிகளுக்கு நமது வந்தனம்.

அந்த ஜாபிதாவில் கால்பந்தையும் சேர்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆட்டம் ஆடினால் சாராயம் ஒழிந்துவிடும் என்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்கள் அல்லர். வயிற்றுக்கில்லாதவனுக்குப் பந்து கொடுப்பது பரிகாசம். ஆனால் வெள்ளிமலைப் பையன் நம்மிடம் பந்து கேட்கவில்லை. பந்து அவனிடம் இருந்தது. சட்டை கேட்கவில்லை, சட்டையும் இருந்தது. யாருக்கு மனு எழுதுவது என்று கேட்டான். தான் ஆடும் ஆட்டம் எங்காவது ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பதிவாகவேண்டும் என்பது அவன் ஆசை. அது பிரஜைக்குரிய ஆசை. சாலை கேட்கிறவனுடைய ஆசையைவிட அது எந்த விதத்திலும் தாழ்ந்ததன்று.

செய்தால் நடக்கும் என்பதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டாம். அண்டை ஜில்லாவான கடலூரிலேயே இருக்கிறது. 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு, அந்தக் கரையோரத்தில் ஏழைப் பெண் குழந்தைகளைச் சேர்த்துக் கால்பந்து சொல்லிக் கொடுத்தார்கள். தினந்தோறும், விடியற்காலையில், வருஷக்கணக்காக. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கே ஆடினார். 2018-ல் தமிழ் நாட்டுப் பெண்கள் கட்சி மணிப்பூரை வென்று தேசியச் சாம்பியன் ஆயிற்று. 2023-ல் மறுபடியும் ஆயிற்று. சென்னை ஸிட்டி வென்ற அதே 2019-ல், மே மாதத்தில், மதுரையின் சேது கிளப் பெண்கள் தேசிய லீக்கை வென்றது. அந்தக் கிளப்பில் வந்து பங்கு வாங்கிய ஐரோப்பிய நகரம் எதுவுமில்லை. அதைப் பற்றி அன்று பத்திரிகைகள் எழுதிய வரிகளும் குறைவு. நமது பத்திரிகையும் அந்தக் குற்றத்துக்கு விலக்கன்று. பெண்கள் இதைச் செய்து காட்டி இத்தனை வருஷமாகியும் ஆண்களுக்கு ஏன் புரியவில்லை என்பது தனி விசாரணைக்குரிய விஷயம்.

பெரிய லீக்குகளின் நிலைமையோ வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஸூப்பர் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் 2010-ல் ஏற்பட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக 2025 ஜூலையில் அறிவிப்பு வந்தது. ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்குத் தவித்தார்கள். வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. ஒரு காகிதத்தின் ஆயுள் முடிந்தால் தேசத்தின் தலைமை லீக்கே நின்றுபோகுமானால், அது எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஐந்தாம் லீகாவில் ஆடும் தச்சருக்கு இந்தக் கவலை கிடையாது.

ஆகையால் மாடியைப் பற்றிப் பேசுவதைச் சிறிது நிறுத்திவிட்டு, அடிப்படியைப் பற்றி நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை, கச்சிராயபாளையம் ஆகிய ஊர்களுக்கு ஒவ்வொரு கட்சி. மலைக்கு இரண்டு கட்சி. ஆக எட்டு. ஒவ்வொருவரும் மற்ற எழுவரோடு சொந்த ஊரில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையும் ஆடினால் கட்சிக்குப் பதினாலு ஆட்டம், மொத்தம் ஐம்பத்தாறு. மழை ஓய்ந்தபின் தை மாதத்து முதல் ஞாயிறில் ஆரம்பித்தால் சித்திரை பிறக்கும் சமயத்தில் முடிந்துவிடும். மலையிலிருந்து இறங்குவதற்கும் திரும்ப ஏறுவதற்கும் பஸ் வேண்டும். செலவு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். சமவெளிக் கட்சிகளும் மலைக்கு ஏறிப்போய் ஆட வேண்டும் என்பதில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். எப்போதும் மலைக்காரனே கீழே இறங்கி வரவேண்டும் என்ற ஏற்பாடு ஜாகீர்தார் காலத்தோடு போகட்டும். முதலாவதாக வந்த கட்சிக்கு மாகாண அளவில் அடுத்த படி எது என்பதைப் பருவம் ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கோப்பை சிறியதாக இருந்தால் பாதகமில்லை. மேடை, மாலை, மந்திரி, பொன்னாடை எதுவும் வேண்டாம். அடுத்த வருஷமும் அதே ஞாயிறில் ஆரம்பிக்க வேண்டும். முக்கியமானது அது.

அப்படி ஒரு லீக் ஜில்லாவில் ஏற்கெனவே நடக்கிறது என்றோ, நடத்தும் பொறுப்பு தங்களுடையது என்றோ சொல்லக்கூடியவர்கள் இருந்தால், தயவுசெய்து தங்கள் விலாசத்தை நமக்கு எழுதியனுப்பக் கோருகிறோம். இந்தப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் பிரசுரிப்போம். பையனுடைய மனுவை நாம் எழுதி முடித்துவிட்டோம். பெயர், வயது, ஊர், ஆடும் ஸ்தானம் எல்லாம் பூர்த்தி செய்தாயிற்று. யாருக்கு என்ற இடம் மாத்திரம் காலியாக இருக்கிறது.